உறை போட்ட சர்வர்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் அமைத்த கம்ப்யூட்டர் பெட்டியை முதன்முதலில் ஓடவிட்டபோது உடனிருந்தவர்கள்: நான், உங்கள் மாப்பிள்ளை, அவர் தோளில் பேத்தி, சுவரில் சாமி. அந்தச் சாமி புண்ணியத்தில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா?

அப்பா, நானே ஒரு சர்வர் அமைத்துவிட்டேன்! பழைய லேப்டாப்பில் பெரிய டிஸ்க்கை இணைத்து, இணையத்தில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நம் குடும்பப் படங்களெல்லாம் இனி அதில்தான். அங்கிருந்தே நீங்கள் திறந்து பார்க்கலாம்.

நடுவில் ஒரு சின்னக் கூத்து. தூசி படியக் கூடாதென்று அதற்கு அழகாக ஓர் உறை தைத்துப் போட்டேன். மறுநாள் மத்தியானம் சூடேறி அணைந்துவிட்டது. பேத்தி முதன்முதலில் நடந்த வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது.

"போர்வையா போர்த்தின? அதுக்கென்ன குளிர் காய்ச்சலா?" என்று இவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, என் உசிரே அதுலதான் இருக்கு" என்றேன்.

உறையை எடுத்து, ஆறவிட்டு, வேண்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டேன். என் நோட்டிலுள்ள கணக்குப்படி 2,316 படங்களும் வீடியோக்களும் அப்படியே இருந்தன! இப்போது இன்னொரு டிஸ்க்கிலும் நகல் எடுத்துவிட்டேன்.

கடவுச்சொல்லை ஃபோனில் அனுப்பக் கூடாதென்றுதான் இந்தக் கடிதம். அதுவும் திறக்கும் முறையும் இத்துடன் தனித்தாளில் இருக்கின்றன. ஃபோனில் இடமில்லையென்று இனிப் பேத்தி படங்களை அழிக்காதீர்கள். அம்மா காலையில் சாமி கும்பிட்டுப் பாடுவதைப் பதிவு செய்து அதில் போடுங்கள். குக்கர் சத்தம் சேர்ந்து வந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் திறந்தால், உள்ளே வந்ததாக என் திரையில் ஒரு வரி விழும். கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம். நான் இன்றைக்கே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

தபால் எடுக்கிற நேரம், ஓடுகிறேன். திறந்ததா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்