நீங்கள் சொல்லிவைத்த மெஷினை நான் வாங்கவில்லை

என்னைச் சாமி என்றே கூப்பிட்டுப் பழகிய என் அண்ணனுக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அயோத்தியாப்பட்டணம் பழைய மெஷின் யார்டில் நீங்கள் ஆசைப்பட்டுச் சொல்லிவைத்திருந்த, இரும்பில் காடி வெட்டும் அந்த மில்லிங் மெஷினை நான் வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் கேளுங்கள். உயிரோடு இருந்தபோதுதான் பாதிப் பேச்சிலேயே எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவீர்கள்.

நம் ராசிபுரம் பட்டறையில் இருந்த மெஷின், நீங்கள் போன பிறகு ரொம்பவே தளர்ந்துவிட்டது. எருமப்பட்டி கோழித்தீவன மில்லுக்குச் செய்து கொடுத்த ஷாஃப்டுகள் திரும்பி வந்தன. ஷாஃப்டில் நான் வெட்டிய காடிப் பள்ளம் அகலமாகி, அதில் இறுக்கமாக உட்கார வேண்டிய கீ என்ற இரும்புக் கட்டை ஆடுகிறதாம். "இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா நான் வேற பட்டறையப் பாத்துக்கறேனுங்க" என்று மில்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மில்லை நம்பித்தானே நம் பட்டறையே ஓடுகிறது? பூட்டிவிட்டு நூல் மில் வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணிதான் திட்டி என்னை யார்டுக்கு அனுப்பினார்.

யார்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார். "அண்ணன் சொல்லிட்டுப் போன மெஷினுங்க அம்மிணி, வேற ஆருக்கும் காட்டலீங்க" என்று மோட்டாரைப் போட்டார். என்ன சத்தம்! ஒரு முனகல் இல்லை. இதைக் கேட்டுத்தான் நீங்கள் மயங்கியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்காகவே அச்சாரம் கொடுத்துவிடத்தான் இருந்தேன்.

ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. பட்டறையில் நீங்கள் மோட்டார் பக்கம் நின்று காது கொடுப்பீர்கள், ஹேண்டில் சுற்றுவது நான். பழக்க தோஷத்தில், வெட்ட வேண்டிய இரும்பை ஏற்றும் டேபிளை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கச்சிதம். நடுவுக்கு வந்ததும் ஆட்டம். எத்தனை வருடம், எத்தனை பேர் நடுவிலேயே வேலையை வைத்து வெட்டியிருப்பார்கள்! அந்த ஆட்டம் போகும் வரை, டேபிளைப் பிடித்துக்கொள்ளும் பக்கத் தகட்டை இறுக்கினேன். இப்போது ஓரத்தில் சிக்கிக்கொண்டு டேபிள் நகர மறுத்தது. டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூ தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம், டேபிள் ஓடும் தளமே நடுவில் தேய்ந்திருந்தால் என்ன செய்வது? அதில் வெட்டினால் எருமப்பட்டியிலிருந்து மறுபடியும் ஷாஃப்ட் திரும்பும்.

அண்ணா, நீங்கள் டேபிளை ஓட்டியே பார்க்கவில்லையா? இல்லை, தங்கச்சி வந்து பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டீர்களா?

பக்கத்தில் இன்னொன்று நின்றது. வயதில் இளையது, எடையும் குறைவு, அளவு காட்டச் சின்னத் திரை வேறு. பொம்மை என்று கேலி செய்வீர்களே, அந்த ரகம். ஓரத்திலும் நடுவிலும் டேபிள் ஒரே மாதிரி ஓடியது. ஆனால் சத்தம் கேட்டுச் சொல்ல நீங்கள் இல்லையே. பையில் உங்கள் நீள ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. முனையை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, உங்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கரகரப்பே இல்லை.

"அண்ணனாட்டவே நிக்கறீங்களே அம்மிணி" என்றார் யார்டுக்காரர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. அதைத்தான் வாங்கினேன்.

போன வாரம் புது ஷாஃப்டுகள் எருமப்பட்டி போயின. நேற்று மில்காரர் போனில் கூப்பிட்டார். "கீ நச்சுனு உக்காந்துச்சுங்க. இன்னும் ரெண்டு தீவன மிக்ஸருக்கு ஷாஃப்ட் வேணும், எப்பத் தருவீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். இப்போது அவரும் தினமும் பட்டறைக்கு வருகிறார். ஹேண்டில் சுற்ற நன்றாகவே பழகிவிட்டார்.

ஒரு வாக்கு தருகிறேன் அண்ணா. உங்கள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்காமல் இனி நம் பட்டறைக்குள் எந்த மெஷினும் நுழையாது.

இப்படிக்கு,
இப்போது மோட்டார் பக்கம் நிற்கும்
உங்கள் தங்கச்சி