மாப்பிள்ளை ஸ்பிரிங்

வால்வு மூடியின் போல்ட்டுகள் மேல் சிவப்பு நகப்பூச்சு அப்படியே இருந்தது. முறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைத்தால்தான் உனக்கு வேலை முடிந்ததாக அர்த்தம். வீட்டில் உன் மனைவி பாட்டிலைத் தேடிக்கொண்டிருப்பாள்; அது உன் சட்டைப் பையில் இருக்கும். போன மாதம் உன் மகள் உன் பழைய காரை என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். பானெட்டைத் தூக்கியதும் அந்தப் பொட்டுகள்தான் கண்ணில் பட்டன. கையில் எடுத்த ஸ்பானரைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

அவளுக்கு வெள்ளிமலையில் பள்ளிக்கூட வேலை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, இரண்டாம் கியரில் மிதித்தால் வண்டி ஓர் அளவுக்கு மேல் இழுக்காமல் படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வால்வை மூடுகிற ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வால்வு நேரத்துக்கு மூடாது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அது தெரியாது. மலை காட்டிக்கொடுத்துவிடும்.

சாவியை நீட்டிவிட்டு அவள் போகவில்லை. "இது அப்பா கடசியா செஞ்ச வேல பெரியப்பா. கை போயிடுச்சின்னு எல்லாரும் பேசிக்கினு இருந்தாங்க. கடசில அவரே அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தாரு. நெஜமாவே போயிடுச்சிங்களா? அத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

வண்டி ஓடுவதைவிட இதுதான் அவளுக்கு முக்கியம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்காமலே நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நாம் ஒன்றாகத் தொழில் பார்த்தபோது நம்மிடம் வந்தவை பெரும்பாலும் இதே வகை வாடகைக் கார்கள்தாம். ஒரு புது ஸ்பிரிங்கை நீ சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தாய். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங்கெல்லாம் பெண்கள். மாப்பிள்ளையையும் ஒரு பெண்ணையும் நுனியோடு நுனி சேர்த்து வைஸ் இடுக்கியில் கொடுத்து இறுக்குவாய். "ரெண்டும் சமமா குனிஞ்சா கல்யாணம். பொண்ணு மட்டும் குனிஞ்சா வேற எடம் பாரு" என்பாய். வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சுற்றி நிற்பார்கள்.

என் முறை வேறு. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்தது. மண்டியில் கழித்துப்போட்ட முள் தராசை டிரில்லிங் மெஷினுக்கு அடியில் வைத்து, ஸ்பிரிங்கை எஞ்சினில் அது உட்காருகிற உயரத்துக்கு அழுத்தி, எத்தனை கிலோ தள்ளுகிறது என்று பார்ப்பேன். உயரம் தவறாதிருக்க, அந்த அளவுக்கு அறுத்த பைப் துண்டு ஒன்று வைத்திருந்தேன். "இன்னாண்ணே, ஸ்பிரிங்க கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். அன்று முதல் ஊரில் நீ மேஸ்திரி, நான் தராசுக்காரன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலுக்குப் போயிருந்தாய். வேலை இல்லை. மாப்பிள்ளையை ஆணியிலிருந்து எடுத்துத் தராசில் வைத்தேன். புது ஸ்பிரிங் தள்ளவேண்டியதில் முக்கால்வாசிகூட அது தள்ளவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். வருடக்கணக்காக நீ வைஸில் நசுக்கி நசுக்கி அதன் வலுவே போயிருந்தது. உன் மாப்பிள்ளை கிழவனாகிவிட்டான். கிழவனுக்குச் சமமாகக் குனிந்த பெண்களையெல்லாம் நீ வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீ ஒரு புது ஸ்பிரிங்கை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, உன் முறையையே தொடர்ந்திருப்பாய். எனக்கு அது போதவில்லை. நீ என் தராசுக்கு வரவேண்டும் என்றிருந்தேன். ஸ்பிரிங்கை ஆணியிலேயே மாட்டினேன். அந்த வாரமே, தராசில் வைக்காமல் இனி ஒரு ஸ்பிரிங்கும் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டேன். ஏன் என்று கேட்டாய். நான் காரணம் சொல்லவில்லை.

"அப்போ ஒந்தராசையே கூட்டாளியா வெச்சிக்கண்ணே" என்றாய். வாங்க போங்க என்று பேசுகிறவன் அன்றுதான் ஒருமையில் பேசினாய். பெட்டியைக் கட்டிக்கொண்டு திருக்கோவிலூர் பக்கம் தனி ஷெட் போட்டாய். கிளம்பும்போது கடைசியாக ஆணியிலிருந்து அந்த ஸ்பிரிங்கை எடுத்தாய். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு உன் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். மேஸ்திரிக்கு முன்னைப்போல் கை ஓடவில்லை, மலைக்குப் போனால் வண்டி திணறுகிறது என்றார்கள். நான் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். பேசாமலிருந்ததுதான் உன்னைச் சாய்த்தது. உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உன் வண்டியின் ஹெட்டை இறக்கி எல்லாவற்றையும் பார்த்தேன். வால்வு உட்காரும் இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒரு சொட்டு கசியவில்லை. ஸ்பிரிங் உட்காருகிற ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக உயரம் அளந்து, அந்தந்த இடத்தின் குறைக்குத் தக்கபடி வாஷர் கொடுத்திருந்தாய். சாய்ந்த ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. தராசில் வைத்தால் எட்டு ஸ்பிரிங்கும் கம்மி. எட்டும் ஒரே அளவு கம்மி. கை போனவன் வேலை அப்படி இருக்காது. அது இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிசகியிருக்கும். கெட்டுப்போன அளவுகோலுக்கு இம்மி பிசகாமல் பொருத்தியிருந்தாய். புது ஸ்பிரிங் போட்டேன். உன் வாஷர்களில் ஒன்றைக்கூட மாற்றவேண்டியிருக்கவில்லை.

வண்டி எடுக்க வந்தவளை ஸ்டூலில் உட்காரவைத்து எட்டையும் தராசில் வைத்துக் காட்டினேன். "ஒங்கப்பன் கை போவலம்மா. அவன் ஒத்துப்பாத்த ஸ்பிரிங்தான் போயிடுச்சி. அது எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லல" என்றேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் சொன்னேன். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். முள் ஆடி நிற்கிற வரை தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவா இருந்தா சொல்லியிருப்பாரு" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வண்டி மலையில் நன்றாக இழுக்கிறதாம். வேறு ஆள் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ சொல்லியிருப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிண்டல் செய்துகொண்டாவது சொல்லியிருப்பாய். ஜோடி போட்டு நசுக்கிப் பார்ப்பது முறையல்ல என்பதையும் நான் விடப்போவதில்லை; என்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற அன்றும் அது முறையல்லதான். தராசைப் பற்றி நான் சொன்னது சரியாக இருந்ததால்தான் உன்னிடம் வராமலே இருந்துவிட்டேன்; அதில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. தப்பாக இருந்திருந்தால் என்றோ உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

இப்போது டீக்கடையில் யாராவது உன் கை போனது பற்றிப் பேசினால் நடுவில் புகுந்து இல்லை என்கிறேன். என்ன நடந்தது என்று முழுதும் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: தெரிஞ்சிக்கினு ஏன்யா சும்மா இருந்த? அது வரும் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன். வந்ததும் எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.