தொடாத குதிரை

ஆவணி 2, ஞாயிறு

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கொடியில் போட்ட சட்டை இரண்டும் பறந்து கல்வேலிக்கு அங்கால். நல்ல தண்ணீர் எடுக்க வேண்டும். மா அரிக்க வேண்டும். போனுக்கு சார்ஜ் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழக விண்ணப்பம் சனிக்கிழமையோடு சரி. எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசையாகப் போட வேண்டும். மருத்துவத்துக்கு என் புள்ளி மட்டுமட்டாகக் காணும். மிருக வைத்தியத்தை முதலில் போட்டால் அதைத்தான் தருவார்கள். டொக்டராகிற வாய்ப்பைக் கையால் தள்ளிவிட்டு நெடுந்தீவில் யாரும் அப்படிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆனால் எனக்குக் குதிரை வேண்டும். மாடு, நாய், கோழி இல்லை.

எங்கே படிப்பது?

க. (கண்டிப் பக்கம்): வரிசையில் முதலில் போட்டால் கிடைக்கும். அங்கே குதிரை இருக்கிறதா தெரியாது. சிங்களம் எனக்கு அரைகுறை.

செ. (சென்னை): மொழி பிரச்சினை இல்லை. அங்கே ஒரு மனிதரைத் தெரியாது.

மெ. (மெல்போர்ன்): குதிரைக்கென்றே தனி ஆசுப்பத்திரி. சித்தி வீடு. ஆனால் குதிரைகளோடு பழகிய அனுபவம் கேட்கிறார்கள், ஒரு மிருக வைத்தியரின் கையெழுத்தோடு.

சித்தி போனில் சிரித்தார். "உங்கட தீவு முழுக்கக் குதிரைதானே நிக்குது. குதிரையளோட வளந்தனான் எண்டு எழுதன். பொய்யே?"

எழுதிவிட்டேன். 'நான் குதிரைகளோடு வளர்ந்தவள்.' பார்க்க வடிவாக இருக்கிறது.

பொய்யில்லைதான். பிறந்த நாள் முதல் பார்க்கிறேன். வெளியில் கூட்டமாக மேயும், நாங்கள் கிட்டப் போனால் ஓடும். அவை யாருக்கும் சொந்தமில்லை, யாரும் கட்டி வளர்ப்பதில்லை. நான் இன்றுவரை ஒன்றையும் தொட்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. கிட்ட வந்தால் எனக்குக் கால் நடுங்குகிறது. இது ஒருவருக்கும் தெரியாது.

ஆவணி 4, செவ்வாய், விடிய

நேற்று எழுத முடியவில்லை. ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோடையில் வெளியில் குளமெல்லாம் வற்றிவிடும். அதனால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பகலில் கடப்பைத் திறந்து வைப்போம். கல்வேலியில் ஆள் போய்வர விட்ட வெளிதான் கடப்பு. குறுக்கே போட்ட பனஞ்சலாகை இரண்டையும் கழற்றினால் குதிரைகள் உள்ளே வந்து தொட்டியில் குடித்துவிட்டுப் போகும். பொழுதுபட ஊர்மாடு வராமல் திரும்பப் பூட்டுவோம். பூட்டுமுன் தொட்டிக்குப் பின்னால், முருங்கைக்குப் பின்னால் ஏதும் நிற்கிறதா என்று ஒருக்காப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

நேற்று நான் சித்தியோடு மெ. பற்றிக் கதைத்தபடி பூட்டினேன். பார்க்கவில்லை.

உள்ளே ஒரு குட்டி. தாய் வெளியே.

தாய் கத்தின கத்து இப்போதும் காதில். மண்நிறம், நெற்றியில் வெள்ளை. சலாகையை நெஞ்சால் இடித்தது. குட்டி கல்வேலியில் பாய்ந்து பாய்ந்து விழுந்தது. நான் குசினி வாசலில் நின்றேன். ஓடிப்போய்ச் சலாகையைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கால் வரவில்லை. தாய் அங்கே நிற்கிறது என்ற ஒரே எண்ணம்.

அம்மாதான் ஓடினார். "அங்கால போ! அங்கால போ!" என்று ஒரு கையால் வாளியில் தட்டித் தாயைக் கலைத்தபடி மற்றக் கையால் கழற்றினார். குட்டி நொண்டிக்கொண்டு போனது. கல்லில் இரத்தம்.

"என்ன பிள்ளை, விறைச்சுப்போய் நிக்கிறாய்?" என்றார் அம்மா. வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செவ்வாய், மத்தியானம்

காலைப் படகில் மிருக வைத்தியர் மிஸ் வந்தார். மாடுகளுக்கு ஊசி போடுகிற நாள். கடல் மோசம், முகமெல்லாம் வெளிறிப்போய் இருந்தார். மெ.க்கு எழுதின என் கடதாசியையும் கொண்டு போனேன், குட்டியின் கதையையும்.

கடதாசியை வாசித்தார். "குதிரையளோட வளந்தனீரோ?"

"ஓம் மிஸ்."

"ஒண்டையாவது தொட்டிருக்கிறீரோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நான் என்னத்துக்குக் கையெழுத்து வைக்கிறது?" கோபமில்லை. களைப்புத்தான். "நானே படிக்கேக்க ஒருக்காத்தான் தொட்டனான். அதுவும் நாலைஞ்சு பேர் பிடிச்சுக்கொண்டு நிண்டவை."

அதைக் கேட்டு இன்னும் பயம் பிடித்தது. குதிரை நிற்கிற தீவுக்கு வருகிற வைத்தியருக்கே அவ்வளவுதான் என்றால், நான் க. போனால்? மெ. போய் அங்கேயும் வாசலில் விறைத்துப்போய் நின்றால்?

குட்டியைத் தேடினோம். கூட்டத்தோடு தூரத்தில். கிட்டப் போக விடவில்லை. அவர் திரும்புகிற படகுக்கு நேரமாகிவிட்டது. கையில் ஊதா மருந்துப் போத்தலைத் தந்தார், அமத்தினால் சீறுகிற வகை.

"இந்த வெயிலுக்கு இலையான் மொய்ச்சுப் புழு வைக்கும். வெளியில வைச்சுப் பிடிக்க ஏலாது. தண்ணிக்கு வரேக்க கடப்பைப் பூட்டிப்போட்டு, வேலியோட ஒட்டி நிண்டு மருந்தை அடியும். தாய்க்குப் பின்னால மட்டும் போகாதையும்."

"நானோ மிஸ்?"

"பின்ன ஆர்? கடல் இப்பிடிக் கிடந்தால் நான் இந்தக் கிழமை வரமாட்டன்."

ஆவணி 5, புதன்

மீன் இல்லை. பருப்பும் முருங்கையிலையும்.

வந்தன, தாயும் குட்டியும். குட்டியின் பின்னங்காலில் புண் கறுத்து, இலையான் அப்பியிருந்தது. நான் போத்தலோடு குசினிக்குள். அவை குடித்து முடிக்கும்வரை அப்படியே. போய்விட்டன.

எனக்கு என்மேல் வந்த வெறுப்பு!

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வரிசை, மெ., கடதாசி, கால் நடுங்குவது. அழுகையோடு.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். பிறகு, "டொக்டராகக் கிடைக்கிறதை விட்டிட்டு, உதைக்கிற சாமானுக்குப் பின்னால போகப் போறியோ? விசரே உனக்கு? எனக்கு இருக்கிறது நீ ஒராள்."

"எனக்கும் பயம்தான் அம்மா."

"பயமெண்டால் ஏன் பிள்ளை?"

முந்தநாள் அந்தக் குட்டி விழுந்து எழும்பின விதம்தான் கண்ணுக்குள் நின்றது. அதைச் சொன்னேன். அம்மா எழும்பிப் போய்ப் பருப்பைக் கிண்டினார். அடிப்பிடித்துவிட்டது.

கொழும்பில் இருந்து அப்பா போன் எடுத்தார். "கொம்மா சொல்லுறதைக் கேள்." பிறகு மெதுவாக, "உன்ர விருப்பம்." இரண்டும் ஒரே மூச்சில்.

ஆவணி 6, வியாழன்

அடித்துவிட்டேன்.

பத்து மணி போல வந்தன. நான் கல்வேலியோடு ஒட்டித் தொட்டிப் பக்கம் முன்னமே போய்க் குந்தியிருந்தேன். இரவெல்லாம் யோசித்தது அது ஒன்றுதான், அவை வந்தபிறகு என்னால் நடக்க முடியாது, ஆனால் இருக்க முடியும். கடப்பைப் பூட்ட ஆள் வேண்டும். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்காமலே வந்து வெளியே நின்றார். சலாகை இரண்டையும் சத்தமில்லாமல் போட்டார். நான் உள்ளே, தாய் உள்ளே, குட்டி உள்ளே.

தாய் காதைப் பின்னால் சாய்த்தது. அம்மா வேலிக்கு மேலால் வாளியை நீட்டித் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக. தாய் குனிந்து குடித்தது. அம்மாவின் வாய் முழுக்க முருகனுடைய பெயர்.

"திறக்கட்டோ பிள்ளை? திறக்கட்டோ?"

"வேண்டாம். ஊத்துங்கோ."

குட்டி என் பக்கம் திரும்பி நின்றது. நான் கையை நீட்டினேன். சீறின சத்தத்துக்குத் துள்ளியது, பாதி மருந்து என் பாவாடையில். தாய் உதைத்தது, தொட்டி விளிம்பில் ஒரு துண்டு பறந்தது. எனக்குச் சிறுநீர் போய்விட்டது. எழுதத்தான் வேண்டும், நடந்தது அது. எழும்பி ஓடியிருப்பேன், ஆனால் குட்டி வேலியோரம் ஒதுங்கி என் தோளில் இடித்துக்கொண்டு நின்றது. கழுத்தில் கை வைத்தேன். சூடு. மயிருக்குள் மணல். உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது, என்னுடையதைப் போலவே. இரண்டாவது முறை புண்ணில் நேராக அடித்தேன்.

"இப்ப திறவுங்கோ அம்மா."

போன பிறகு அம்மா உள்ளே வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நல்ல வலி. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவணி 7, வெள்ளி

கோயிலுக்கு அம்மா மட்டும் போனார். மருந்து இரண்டாம் தரம். பயம் ஒரு துளியும் குறையவில்லை. குறையும் என்று நினைத்திருந்தேன். புழு இல்லை.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "தொட்டனீரோ? அப்ப உள்ளதை எழுதும், கையெழுத்து வைக்கிறன்."

ஆவணி 8, சனி

காற்றுக் கொஞ்சம் தணிவு. சிக்னல் கிணற்றடியில்தான்.

மெ. கடதாசியில் அந்த வடிவான வசனத்தை வெட்டினேன். 'எங்கள் தீவில் குதிரைகள் உண்டு. ஒரு குட்டியை மட்டும் தொட்டிருக்கிறேன். அது காயப்பட என் கவனக்குறைவு காரணம். எனக்குக் குதிரை என்றால் பயம்.' சித்தி படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பார்த்துவிட்டு, "உனக்கென்ன விசரோ, ஆர் இதுக்கு இடம் தருவான்?" தராமல் விடலாம். அங்கே கிடைக்காவிட்டால் க. இருக்கிறது. செ. வெட்டியாயிற்று.

பிறகு இங்கத்தைய விண்ணப்பம். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். முதல் விருப்பத்தில் மிருக வைத்தியம் என்று போட்டேன். அம்மா திரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போனார். அமத்தினேன். போய்விட்டது. இனி மாற்ற முடியாது.

பொழுது படுகிறது. கடப்படியில் இருந்து அம்மாவின் குரல்:

"பிள்ளை, உள்ளுக்கு ஒண்டும் நிக்கேல்லையோ எண்டு வந்து பார். நான் பூட்டப் போறன். நீதானே டொக்டர்."

போகிறேன்.