முந்திரிக்காட்டில் டெக்கோமா

ஞாயிறு இரவு, சிதம்பரம்

கடலூருக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஓரத்தில் புதர் புதராக மஞ்சள் பூ. தூரத்தில் பார்த்தபோது அரளி என்றுதான் நினைத்தேன். இலையைக் கிள்ளினால் பால் வரவில்லை. விளிம்பில் ரம்பம்போலப் பற்கள். நீளமான காயைப் பிளந்தேன். மெல்லிய இறகு வைத்த விதைகள். அழகுக்காக வீட்டுத் தோட்டங்களில் வைக்கும் டெக்கோமாதான், யாரும் நடாமலே காட்டில் பரவியிருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஓர் ஓட்டு வீடு. கிணற்றடியில் மரமாகவே வளர்ந்த டெக்கோமா. பக்கத்தில் ஒரு பெரியவர் தனியாக நின்று அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரி வச்சதும்மா. அவ போனப்புறம் நான்தான் பாத்துக்கறேன்."

விதை பறந்து போய்க் காட்டுச் செடிகளை நெருக்குகிறது என்று சொன்னேன். அதைப் பார்க்கத்தான் என் ஆராய்ச்சியே. ஆனாலும் சொல்லும்போது நாக்கு கூசியது.

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "அப்ப வெட்டணுங்கிறியா?"

"வேணாங்கய்யா. காய் முத்தறதுக்குள்ள பறிச்சிட்டா போதும்."

"கையைத் தூக்க முடியலியேம்மா எனக்கு."

துரட்டியை வாங்கி இருட்டும்வரை நானே பறித்தேன். கிளம்பும்போது கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கெழம வருவியா? சோறாக்கி வக்கறேன்."

இங்கே படிக்க வந்ததிலிருந்து யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. வருகிறேன் என்றேன்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். நாளைக்குத் திங்கள்கிழமைதான் ஆகிறது.