துவக்கு வந்த வீடு

அன்புள்ள உங்களுக்கு,

காட்டுத்தீ அணைந்துவிட்டது. வீடு தப்பியது. வேலியும் வைக்கோல் கொட்டிலும் போய்விட்டன.

பண்ணைக்கென்று நான் துப்பாக்கிக் கடையில் துவக்கு வாங்கிய அன்று, "அந்தச் சாமான் இருக்கிற வீட்டில எனக்கு நித்திரை வராது" என்று சொல்லி நகரத்தில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் உங்கள் அண்ணர் வீட்டுக்குப் போனீர்கள். வன்னியில் போரின்போது நீங்கள் கண்டதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, குட்டி போட்ட நம் வெள்ளாடு கால்கள் நான்கும் தீயில் வெந்து, எழும்ப முடியாமல் கதறிக்கொண்டிருந்தது. சாலை மூடியிருந்ததால் மிருக வைத்தியரால் வர முடியவில்லை. "இனி அதைக் காப்பாற்ற ஏலாது" என்றார் போனில்.

துவக்கு வைத்த இரும்புப் பெட்டகத்தைத் திறந்தேன். வேறாகப் பூட்டியிருந்த தோட்டாக்களில் ஒன்றை எடுத்தேன். ஆட்டுக்குப் போதும் என்றுதான் சின்னத் துவக்காகத் தெரிந்தெடுத்திருந்தேன். பயிற்சியில் சொன்னபடி, ஆட்டுக்குப் பின்னால் ஒருவரும் இல்லையென்று பார்த்தேன். ஒரே வெடி. கதறல் நின்றது.

பெட்டகத்தை வீட்டிலிருந்து எடுத்து, தீ எட்டாத தூரத்துக் கொட்டகைச் சுவரில் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

குட்டிகள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புட்டிப்பால். நேற்றுப் போனில் அவை கத்துவதைக் கேட்டு, "எத்தினை பேர்?" என்று சிரித்தீர்களே. எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

"மூண்டு. எனக்குக் கை ரெண்டுதான்."

"பாப்பம்" என்றீர்கள்.

சாலையை இன்று காலை திறந்துவிட்டார்கள். வரும்போது இன்னுமொரு பால் புட்டி வாங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி