கேப்டனின் நாற்காலி

ஜூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். நல்லா இல்லை. இங்கே எல்லாரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள். பதினோராம் வகுப்பில் வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான். என் பெயரே 'புதுசு' என்றாகிவிட்டது. "புதுசு, ஃபேனைப் போடு." "ஏ புதுசு, தள்ளி உக்காரு."

முதல் நாளே ஒரு தப்பு செய்துவிட்டேன். சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். அறை முழுக்கச் சத்தம் நின்றுபோனது. அது வாலிபால் கேப்டனுடைய இடமாம். லீவுக்கு வீட்டுக்குப் போனவள் காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அந்த மேசையில் இருந்தவர்கள்தான் தட்டோடு எழுந்து போனார்கள். இப்போது வேறு எங்கே போனாலும் "இங்க ஆள் வருது" என்கிறார்கள். தினமும் அங்கேயே தனியாகச் சாப்பிடுகிறேன்.

உன் பொடி


ஜூன் 20

என் பொடிக்கு,

நீ பக்கத்து வீட்டுக்காரரிடம் 'வாங்க' சொல்லவே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவள். உன்னைத் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் நாளாகட்டும். தப்புச் செய்ததாக நினைக்காதே, உனக்கு எப்படித் தெரியும்?

லேபில் இன்று ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்தேன். "இவ்வளவு எடுத்துட்டீங்களே, எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சாப்பிடும்போது கை தானாக இரண்டு தட்டை எடுக்கிறது, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். எல்லாம் பழகிவிடும், உனக்கும் எனக்கும்.

அம்மா


ஜூலை 9

அம்மா,

நம்பவே மாட்டாய்! நீ லேபில் கழுவிய கண்ணாடிக் குப்பிகளைக் கவிழ்த்து வைப்பாயே, அந்தப் பழக்கத்தில் நானும் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து, மேலே ஸ்பூனை வைத்தேன். அடுத்த மேசையிலிருந்து, குட்டச்சி என்று எல்லாரும் கூப்பிடும் ஒருத்தி கத்தினாள், "ஏய், கேப்டனும் இப்படித்தான்டி வைப்பா! உனக்கு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை என்றேன். உண்மைதானே?

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் குட்டச்சி தனியாக வந்து, "கேப்டனோட ஷூவ வாங்கிட்டுத் திருப்பியே குடுக்கல. என் மேல கோபமா இருக்காளா?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இல்லையாம்" என்று சொல்லிவிட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது எல்லாரும் வருகிறார்கள். நானும் கேப்டன் சொன்னதாக ஏதாவது சொல்கிறேன். என் மேசையில் இடம் போதாமல் சண்டை நடக்கிறது அம்மா! யாரும் என்னைப் புதுசு என்று கூப்பிடுவதில்லை.

பொடி


ஜூலை 17

பொடி,

நீ சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனியாகச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்காக இது வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவள் காதுக்கு இது போவதற்குள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடு. திட்டுவார்கள், திட்டட்டும்.

உடனே பதில் போடு.

அம்மா


ஆகஸ்ட் 21

அம்மா,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என்னை டீம் கேப்டனாக்கிவிட்டார்கள். எனக்குப் பந்து பிடிக்கவே வராது. இறந்துபோன கேப்டனுடைய சட்டையைக் கொடுத்தார்கள், சரியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்தார். பிள்ளைகள்தான் சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, கடைசியில நான் அசந்து தூங்கிட்டேன். தண்ணி வேணும்னு கூப்பிட்டாளா?" என்று கேட்டார். "கூப்பிடல ஆண்ட்டி" என்றேன். என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தண்ணீர் குடித்தால் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "எல்லாம் பொய். டம்ளர் எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டது" என்றேன். ஒருத்தியும் திட்டவில்லை. குட்டச்சி மற்றவர்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள், "கேப்டன்தான்டி இப்படிச் சொல்ல வைக்கிறா. அவளுக்கு எப்பவுமே பெருமையடிச்சா பிடிக்காது." எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எது பேசினாலும் அவள் பேசுவதாகிவிடுகிறது. ஆண்ட்டி லீவுக்கு என்னை அவர்கள் வீட்டுக்கு வரச் சொல்கிறார். அவள் கட்டிலைத் தட்டி விரித்து வைத்திருக்கிறாராம். போகாவிட்டால் பாவம். போனால் அங்கே யாராக இருப்பேன்?

கையெழுத்துப் போடக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது.

பொடிதான்


ஆகஸ்ட் 30

என் பொடிக்கு,

வார்டனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நானே கேப்டனுடைய அம்மா வீட்டுக்குப் போனேன். நீ கோபப்படுவாய். படு.

கூடத்தில் உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நீ தனியாகச் சாப்பிட்டது, டம்ளர், ஷூ, எல்லாம். முழுவதும் கேட்டார். பிறகு, "அப்ப கூப்பிட்டிருப்பாளோ?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் சொன்னார், "உங்க பொண்ணு சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? அத வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வாரமாத் தூங்கினேன். அதையும் வந்து எடுத்துக்கிட்டுப் போறீங்களே."

நான் எழுந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போது, "நானே அந்தப் பிள்ளைங்ககிட்ட பேசுறேன். உங்க பொண்ண விட்டுடச் சொல்றேன்" என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். அங்கிருந்து வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் அறையிலிருந்து யாரோ தண்ணீர் கேட்பது போலிருக்கிறது. நீ ஹாஸ்டலில் இருக்கிறாய் என்று தெரிந்தும் எழுந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் உன் வாசலில் நிற்கிறேன். குரல் உன்னுடையது மாதிரி இல்லை பொடி.

ஆண்ட்டி பேசிவிட்டால் பிள்ளைகள் உன்னை மறுபடியும் ஒதுக்குவார்கள். இந்த முறை இன்னும் மோசமாக இருக்கும், மறைக்க விரும்பவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு வருவேன். அங்கேயே இருக்கிறேன் என்றாலும் சரி. எதுவானாலும் அன்று மத்தியானம் உன் மேசையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் உட்காருகிறேன்.

அம்மா