இடப்பக்கச் சத்தம்

என்ரை றீற்றா,

உம்மடை பேரை எழுதிப்போட்டுக் கனநேரம் சும்மா இருந்தனான். கலியாணம் கட்டின காலத்திலையிருந்து உமக்கு ஒரு கடிதமும் நான் எழுதினதில்லை. எழுத என்ன தேவை? பிக்கப் வண்டியிலை எந்த நேரமும் எனக்குப் பக்கத்திலைதானே இருந்தனீர்.

இப்ப ஒரு புதினம் சொல்லவேணும். பிக்கப்பின்ரை சத்தம் நிண்டிட்டுது.

நீர் வருத்தம் வந்து கண்ணை மூடி ஏழு மாதம். ஊர்காவற்றுறையிலை மீன் ஏத்திக்கொண்டு கடலுக்கு நடுவாலை போற பண்ணைத் தாம்போதியாலை பட்டணம் போய்வாறதை நான் விடேல்லை. சத்தமும் கூடிக்கொண்டே வந்தது. பள்ளத்திலை சில்லு விழுந்தால் டக், டக். வண்டி இடிக்கிறது உடம்பிலை தெரியுது, எந்தப் பக்கமெண்டுதான் பிடிபடேல்லை.

பின்பக்கமெண்டு நானாய் நினைச்சன். உப்புக்காத்திலை ஊறிக்கிடந்த வில்லுத் தகடுகளை நல்லதண்ணியாலை கழுவி, கம்பி பிறசாலை உரஞ்சி, நட்டுகளை இறுக்கினன். கிறீச்செண்டு கத்தினது நிண்டுது, டக்கெண்டது நிக்கேல்லை. அதிர்வு தாங்கிற பின் ஷொக் இரண்டையும் மாத்தினன். அப்பவும் அதேதான். "அண்ணை, பழசை வித்துப்போட்டு வேறை எடுங்கோவன்" எண்டு சந்தையிலை சொல்லிச்சினம். நீர் இருந்த வண்டியை எப்பிடி விக்கிறது?

போன கிழமை ஒருநாள் விடியக்காலமை பஸ் வரேல்லை. எங்கடை செலின் பட்டணத்திலை மருந்து விக்கிற பாமசிக்கு வேலைக்குப் போகவேணும். "அப்பா, உங்களோடை வாறன்" எண்டாள். நான் யோசிக்காமல், "பின்னாலை ஏறு பிள்ளை" எண்டிட்டன்.

"வேலை உடுப்போடை மீன்பெட்டிக்கு மேலையோ?"

"முன்னுக்கு அம்மாவின்ரை இடம்."

அவள் முன்கதவிலை கையை வைச்சாள். பிறகு, "எனக்கும் அவ அம்மாதானே அப்பா" எண்டாள். அவளுக்குக் கண் நிறைஞ்சிட்டுது. எனக்கு வெக்கமாய்ப் போச்சுது றீற்றா. இறங்கிப்போய் நானே கதவைத் திறந்துவிட்டன்.

அல்லைப்பிட்டி தாண்டேக்கை, "அப்பா, பின்னுக்கு இல்லை. என்ரை காலுக்குக் கீழை, முன் இடப்பக்கம். இவ்வளவு பெரிய சத்தம், உங்களுக்குக் கேக்கேல்லையே?" எண்டு கேட்டாள். காது மந்தமாய்ப் போச்சுதெண்டதை நான் அவளுக்கு மறைச்சுப்போட்டன்.

ஞாயிறு பூசை முடிய, பின்சில்லுகளுக்குக் கல்லு வைச்சு, முன்பக்கத்தை ஜாக்கிலை உயர்த்தி, கீழை மரக்குத்தி குடுத்துப்போட்டுப் பாத்தன். முன்சில்லு இரண்டையும் தொடுக்கிற கம்பியைக் கையாலை ஆட்ட, டக்கெண்டுது. கம்பியைப் பிடிக்கிற றப்பர் இடப்பக்கம் நைஞ்சு உதிர்ந்துபோய்க் கிடந்தது. இரண்டு பக்கத்துக்கும் புது றப்பர் வாங்கி, கிறீஸ் பட்டால் றப்பர் ஊதிப்போகுமெண்டு சவர்க்காரத் தண்ணி பூசி ஏத்தி, நட்டுகளை இறுக்கினன். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கேல்லை.

வேலை முடியத்தான் செலினுக்கு மனசிலை கிடந்ததைச் சொன்னன். கடைசியாய் உம்மைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகேக்கை, நீர் அந்த வருத்தத்தோடையும், "இஞ்சரப்பா, இடப்பக்கம் ஏதோ அடிக்குது" எண்டு சொன்னனீர். எனக்குக் கேக்கேல்லை. கேக்கேல்லையெண்டு ஒத்துக்கொள்ள ஏலாமல், "பேசாமல் இரும்" எண்டு சினந்தனான். அதைச் சொல்லேக்கை நிலத்திலை குந்தியிருந்து அழுதுபோட்டன்.

"அம்மா அதுக்குக் கோவிச்சிருக்கமாட்டா அப்பா."

"கோவிச்சவ பிள்ளை. வீடு வருமட்டும் என்னோடை கதைக்கேல்லை."

அதுக்கு அவள் சிரிச்சாள். கண்ணைத் துடைச்சுக்கொண்டு நானும் சிரிச்சன். வீட்டிலை சிரிப்புக் கேட்டு எவ்வளவு நாள்?

அண்டைக்கு நீர் இன்னும் என்னென்ன சொன்னனீரோ, எனக்குத் தெரியாது. அதை இனி ஆரிட்டைக் கேக்கிறது?

வாற வியாழன் செலின் என்னைக் காது வைத்தியரிட்டைக் கூட்டிக்கொண்டு போறாள். கருவி போடச் சொன்னால், மறுக்காமல் போடுவன். பிள்ளை ஒண்டைச் சொன்னால், முழுக்கக் கேட்டபிறகுதான் வாய் திறப்பன். இது உமக்கு நான் தாற சொல்லு.

உம்மடை மனுசன்,
அந்தோனி